மார்கழி வாசல்

மார்கழி 1 (டிசம்பர் 16)

கிழக்குத் தாம்பரம். தெருக்கோடிக் கோயில் ஒலிபெருக்கி விடியும் முன்பே ஆரம்பித்துவிட்டது. இந்த வருஷம் வாசல் என் பொறுப்பு. அத்தைக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் சால்வையோடு உட்கார்ந்து உத்தரவு மட்டும் போடுகிறார். முதல் நாள் என்பதால் சின்னதாக ஒரு சிக்குக் கோலம்: 7 புள்ளி, நேர்ப்புள்ளி, 1 வரை.

“கோடு கிளம்பின இடத்துக்கே வந்து சேரணும். ஒரு புள்ளி கூட அநாதையா நிக்கக் கூடாது.” இலக்கணம் அவ்வளவுதான்.

மார்கழி 4 (டிசம்பர் 19)

பனி. ஈரத்தில் கல்மாவு திட்டுத்திட்டாக விழுகிறது. எங்கள் வாசல் சாக்கடைப் பக்கம் சரிவு வேறு. ரீல்ஸில் பார்த்த 15–8 இடைப்புள்ளிக் கோலத்தை இங்கே போட்டால் கடைசி மூன்று வரிசை சாக்கடை மூடியில் ஏறும். ஆகவே ஒரு பக்க இதழை மடக்கிப் போட்டேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் பாஸ் என்று பொருள்.

மார்கழி 6 (டிசம்பர் 21)

அலுவலகத்தில் மார்கழி வாழ்த்துப் பதிவு கேட்டார்கள். ஏஐயிடம் இரண்டு வரி எழுதிக் கொடுத்து ஒரு கோலப் படம் வாங்கினேன். பித்தளை விளக்கு, பூசணிப்பூ, பனிமூட்டம் எல்லாம் ஜொலிக்கின்றன. கோலத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கோடு இன்னொரு கோட்டுக்குள் புகுந்து காணாமல் போகிறது. ஐந்தாறு புள்ளிகள் வெளியே நிற்கின்றன, அத்தை சொன்ன அநாதைகள். “அட்டகாசம்” என்று பதில் வந்தது, பதிவும் போய்விட்டது. படம் அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. கோலத்தைக் கண்ணால் மட்டும் பார்த்தவர் வரைந்தால் அப்படித்தான் வரும். விரலால் கோட்டைப் பின்தொடர்ந்தவருக்கு எங்கே வழி அடைபடுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

மார்கழி 9 (டிசம்பர் 24)

இயந்திரத்துக்குக் கோலம் வராது என்று எழுதிவிட்டுத் தூங்கப் போவது சுலபம். ஆனால் அது பொய். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய சென்னைக் கிறித்துவக் கல்லூரியில்தான் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கோலத்துக்குக் கணினி இலக்கணம், அதாவது கோலத்தைப் படிப்படியாக உருவாக்கும் விதிகள், எழுதினார்கள். கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து அவர்கள் எழுதிய கட்டுரை 1974இல் வந்தது. உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968இல் செடி வளர்வதை விவரிக்க ஒரு முறை கண்டுபிடித்தார். அதே முறையில் ஒரே ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் ‘கிருஷ்ணன் கால் கொலுசு’ என்ற கோலம் வேண்டிய அளவுக்கு வளரும். ஒரு புள்ளிகூடத் தப்பாது.

ஆக, விதி தெரிந்த இயந்திரம் என்னைவிடத் திருத்தமாகப் போடும். இது எனக்கு ஏனோ நிம்மதியாக இருக்கிறது. திருத்தம்தான் என் வேலை என்றால் நான் என்றைக்கோ தோற்றாயிற்று. துளை போட்ட கோலக் குழாயும் ஸ்டிக்கரும் எத்தனை வருஷமாகக் கடையில் தொங்குகின்றன! முழங்கால் வலிக்காரர்களுக்கு அவை நல்லதுதான், அத்தைக்குத்தான் பிடிவாதம்.

மார்கழி 14 (டிசம்பர் 29)

2019இல் இதே தேதியில்தான் பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகக் கோலத்தோடு வாசகம் எழுதியவர்களைப் போலீஸ் பிடித்துப் போனது. அப்புறம் அந்த வாசகம் எத்தனையோ வாசல்களில் வந்தது. யார் வாசல், எந்தத் தெரு, யார் பார்த்துக்கொண்டு போவார்கள் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் கோலம். இன்றைக்கு இதற்கு மேல் எழுத நேரமில்லை.

மார்கழி 18 (ஜனவரி 2)

எதிர்வீட்டுப் பெண் ஸ்டாண்டில் போனை மாட்டிக்கொண்டு போடுகிறாள். நன்றாகவே போடுகிறாள். ஆனால் கோலம் போனைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. தெருவில் நடப்பவர்களுக்குத் தலைகீழ். நானும் நேற்று ஸ்டாண்டு வைத்துப் பார்த்தேன். அடுத்த இழை எங்கே என்று யோசித்து நிற்கும் அந்த இரண்டு மூன்று விநாடி வீடியோவில் சலிப்பாகத் தெரியும் என்று கை தானாகவே தெரிந்த கோலத்துக்குப் போய்விட்டது. எனக்கு உறுத்துவது இதுதான். லைக் வருவதும் வராததும் பெரிய விஷயமில்லை. தயங்குவதற்கு வெட்கப்பட ஆரம்பித்தால் புதிதாக எதுவும் வராது.

மார்கழி 25 (ஜனவரி 9)

அத்தை கேட்டு ஹ்ருதய கமலம். நடுவிலிருந்து விரியும் எட்டுக் கை, கைக்கு 5 புள்ளி. கோடு முதல் கையில் 1ஆவது புள்ளியைத் தொடும், அடுத்ததில் 3ஆவதை, பிறகு 5, 2, 4, மறுபடி 1. இப்படியே சுற்றிக்கொண்டு போனால் 40 புள்ளியையும் ஒரே கோடு தொட்டுவிட்டுக் கிளம்பிய இடத்துக்கு வந்து நிற்கும்.

பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருந்த மகள், “பத்துக் கை போட்டா என்னம்மா?” என்றாள். அத்தை, “அதெல்லாம் போடறதில்ல” என்றார். அவள் விடவில்லை. பக்கத்தில் மிச்சமிருந்த தரையில் போட்டோம். பத்தாவது கையைத் தாண்டியதும் கோடு மூடிக்கொண்டது, 40 புள்ளி பாக்கி! மறுபடி தொடங்கினால் மறுபடி மூடிக்கொள்கிறது. மொத்தம் ஐந்து தனித்தனி வளையம். வேன் போன பிறகுதான் கணக்கு பிடிபட்டது: எட்டுக்கும் ஐந்துக்கும் ஒன்றைத் தவிரப் பொது வகுஎண் இல்லை, அதனால் கோடு எல்லாப் புள்ளிக்கும் போகிறது. பத்தை ஐந்து வகுத்துவிடுகிறது, அதனால் உடைகிறது. எத்தனையோ வருஷமாகப் போடும் அத்தைக்கும் எட்டு ஏன் என்று யாரும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

மார்கழி 27 (ஜனவரி 11)

கூடாரவல்லி. அக்காரவடிசல் அடுப்பில். ஐந்து வளையத்துக்கு ஐந்து நிறம் கொடுக்கலாம் என்பது மகள் யோசனை. எல்லாம் ஒரே உருவம், ஒன்றிலிருந்து ஒன்று கொஞ்சம் திரும்பி நிற்கிறது. நிறம் கொடுத்த பிறகுதான் அது எங்கள் கண்ணில் பட்டது. எதிர்வீட்டுப் பெண் வந்து நின்று பார்த்தாள். பதினைந்து கைக்கும் ஐந்து வளையம்தான் வரும் என்றேன். “நாளைக்கு நான் போட்டுப் பார்க்கிறேன்க்கா” என்று போனாள்.

அத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஹ்ருதய கமலம் இல்ல, வேற பேர் வை.” மகள் சாயங்காலம் முழுக்கப் பேர் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அத்தை நிராகரித்துவிட்டார்.