டிக்கிக்கு சட்டை தைச்ச கதை

எங்க வண்டி டிக்கியைத் தொறந்தா மூஞ்சில அடிக்கிற முதல் வாசனை பெட்ரோல் இல்ல, செக்கு நல்லெண்ணெய். காரைக்குடில கார் வச்சிருக்கவன் பொழப்பு அப்படி. காதுகுத்து, படைப்பு, சாந்தி, புதுமனை எதுனாலும் ஒரு அண்டா, ரெண்டு தூக்குச்சட்டி, இட்லிக் கொப்பரை, எண்ணெய் டின்னு எல்லாம் நம்ம டிக்கிலதான் ஏறும், திரும்பி வரும்போது மிச்சக் குழம்பும் அதுலதான் வரும், வர்ற வழில பள்ளம் வந்தா அதுலயே கொட்டவும் செய்யும். பதினோரு வருஷமா இப்படி ஊத்தி ஊத்தி அடில இருந்த அட்டை ஊறி, நடுவுல தொட்டில் மாதிரி தொங்கிப்போச்சு. வண்டியக் குத்தம் சொல்ல முடியாது, ரசம் குடிக்கிறதுக்குன்னு செஞ்ச அட்டை இல்ல அது.

சீட் கவர் கடைல கேட்டேன். அடிப்பலகை, ரெண்டு பக்கப் பலகை, பின்சீட்டு முதுகு, எல்லாத்துக்கும் கார்பெட் ஒட்டி 6500 ஆகும்ணேன்னான் பையன். எனக்கு சுருக்குன்னுச்சு. வீட்ல ரெண்டு வருஷமா ஜிக்சா மிஷின் சும்மா தூங்குது, வாங்குனதுக்கு அதுல அறுத்தது மொத்தம் ஒரு மாடவிளக்குப் பலகை, அதுவும் கோணல். "ரெண்டு பலகை, ஒரு கார்பெட், ஒரு டப்பா பசை, இதுக்கா 6500"ன்னு வீட்ல வந்து சொன்னேன். வீட்டுக்காரி ஒண்ணும் சொல்லல, "ஏங்க, கடையிலயே குடுத்துருங்களேன்"னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டா. அந்த மாதிரி மெதுவா சொன்னா எனக்கு ரோஷம் வரும்னு கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அவளுக்குத் தெரியாமயா இருக்கும்.

ஞாயித்துக்கிழமை காலைல பழைய அட்டையப் பிச்சேன். அடில துரு. ஸ்டெப்னி உக்கார்ற குழியச் சுத்தி ஆரஞ்சு கலர்ல பொறுபொறுன்னு, விரலால தட்டினா செதில் செதிலா வருது. 1948ல நேருவே வந்து அடிக்கல் நாட்டின சிக்ரி நம்ம ஊர்லதான் இருக்கு, இரும்பு ஏன் துருப்பிடிக்குது எப்படி நிறுத்துறதுன்னு அத்தனை பெரிய ஆளுங்க அங்க உக்காந்து ஆராய்ச்சி பண்றாக, அதுக்கு கூப்பிடு தூரத்துல என் டிக்கி இந்த லட்சணத்துல இருக்கு. 80 நம்பர் எமரி ஷீட்ல தேச்சு, ரெட் ஆக்சைடு ரெண்டு கோட் அடிச்சு, அன்னைக்குப் பொழுது அதோட போச்சு. இந்த ஒரு வேலை மட்டும் நான் ஒழுங்கா செஞ்சேன்னு இப்பவும் சொல்லிக்கிறேன், ஆனா அது கண்ணுக்குத் தெரியாத வேலை, யாரும் பாராட்டல.

அடுத்து அளவு. டிக்கி ஒண்ணும் சதுரம் இல்லையே, சக்கரத்துக்கு மேல ஒரு மேடு, லைட்டுக்குப் பின்னாடி ஒரு பள்ளம், டேப்பு வச்சு அளக்கவே முடியாது. அட்டைப் பெட்டிய வெட்டி உள்ள வச்சுப் பாத்து, கொஞ்சம் கொஞ்சமா நறுக்கி, சரியா உக்காந்தப்புறம் அதப் பலகைல வரையணும். வளவுல ஒரு நல்ல பெட்டி கெடந்துச்சு, கெட்டி அட்டை, வெட்டினேன். வெட்டி முடிச்சு எந்திரிக்கிறேன், ஆத்தா ஒரு கைல மனகோலம் டப்பா ஒரு கைல சீப்புச்சீடை டப்பாவோட நிக்குறாக. மெட்ராஸ்ல இருக்க தங்கச்சிக்கு பார்சல் போடறதுக்குன்னு மளிகைக் கடைல சொல்லி வச்சு வாங்கின பெட்டியாம். "உன் காருக்குத்தான் பெட்டி வேணும், என் மகளுக்கு வேணாமாக்கும்"னு ஆரம்பிச்சது, மறுநாள் நான் வேற பெட்டி கொண்டாந்து குடுக்குற வரைக்கும் ஓடுச்சு.

ப்ளைவுட் கடைல 8 எம்எம் கேட்டேன். எட்டடிக்கு நாலடி முழு ஷீட்தான், வெட்டித் தரமாட்டோம்னுட்டாக. அங்க நின்ன ஆசாரியண்ணே "என்னத்துக்கு தம்பி"ன்னாரு, சொன்னேன். "ரெண்டரை நூலுப் பலகை போதும், ஆனா அறுக்கும்போது சுத்தி ஒண்ணரை நூலு கம்மியா அறு, துணி சுத்தினா பெருக்கும்"னாரு. நூலுன்னா இஞ்சுல எட்டுல ஒரு பங்கு, நான் மில்லிமீட்டர் படிச்சவன், அது எனக்கு எங்க ஏறும், சரிண்ணேன்னு தலைய ஆட்டிட்டு வந்து அட்டை எப்படியோ அப்படியே அச்சு அசலா அறுத்தேன். அவரு சொன்னத அப்பக் கேட்டிருந்தா இந்தப் பதிவுல பாதி இருந்திருக்காது.

பசை ஃபெவிகால் எஸ்ஆர் 998. ரப்பர் பசை. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், இத மரத்து பசை மாதிரி ஈரமா இருக்கும்போதே ஒட்டக்கூடாது. பலகைலயும் தடவணும், கார்பெட் முதுகுலயும் தடவணும், விரல் வச்சா ஒட்டாத பதம் வர்ற வரைக்கும் காய விடணும், அப்புறம் வச்சா பிடிச்சுக்கும், அதுக்கப்புறம் நகத்தளவு நகத்த முடியாது. நாத்தம் வேற மண்டைய அடைக்கும், காத்தோட்டமான எடம் வேணும். எங்க வீட்ல காத்தோட்டம்னா முற்றம்தான். பலகைய நடு முற்றத்துல பரப்பி, பசையத் தடவி, "கால் மணி நேரம் யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாது"ன்னு அறிவிப்பு குடுத்துட்டு காப்பி குடிக்கப் போனேன்.

அது பங்குனிக் கடைசி. பின்னாடி வேப்பமரம். மனுசங்களுக்குத்தான் அறிவிப்பு குடுத்தேன், மரத்துக்குக் குடுக்கல. ஒரே ஒரு காத்து, திரும்பி வந்து பாத்தா பலகை மேல வெள்ளை வெள்ளையா வேப்பம்பூ, பூத்தையல் போட்ட மாதிரி அப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்குது. ஒண்ண எடுத்தா காம்பு பலகைல, இதழு விரல்ல. பொறுக்க உக்காந்தேன், அதுக்குள்ள வெயில்ல பசை பதம் தாண்டிப் போகுது, அந்த நேரம் பாத்து அப்பத்தா வந்து நின்னு "ரெண்டு ரசத்துக்கு ஆகும் பூவை இப்படிப் பலகைல ஒட்டிப்புட்டியே பாவி"ங்கிறாக. போனது போகட்டும்னு பூவோட சேத்து கார்பெட்டை வச்சு அமுக்கிட்டேன். இப்பவும் கையால தடவிப் பாத்தா அங்கங்க நெரடும்.

பக்கப் பலகைல நடந்ததுதான் பெரிய கூத்து. ஒரு அட்டை அளவு வச்சு ரெண்டு பலகை அறுத்தேன். வெறும் பலகையா இருக்க வரைக்கும் பிரச்சனையே இல்ல, ஒண்ண திருப்பிப் போட்டா அது வலது. ஆனா நான் ரெண்டையும் ஒரே மாதிரி படுக்க வச்சு, ஒரே பக்கத்துல கார்பெட்டை ஒட்டி, மூலைல எல்லாம் பின்னாடி வி மாதிரி வெட்டி மடிச்சு, ரொம்ப நேர்த்தியா முடிச்சு தூக்கிட்டுப் போய் மாட்டுறேன், இடது பக்கம் போகுது, வலது பக்கம் கார்பெட் உள்ள போய் ப்ளைவுட் வெளிய பாக்குது. ரெண்டும் இடதுகால் செருப்பு. ஒட்டினதப் பிரிக்கலாம்னு இழுத்தேன், கார்பெட் வரல, ப்ளைவுட்ல ஒரு அடுக்கு உரிஞ்சு வந்துச்சு. முழு ஷீட்டா வாங்கினது அப்பத்தான் உதவுச்சு, இன்னொண்ணு அறுத்தேன். அந்த எச்சு இடதுபக்கப் பலகைய அப்பத்தா திண்ணைல போட்டு உக்காந்துக்கிட்டாக. "நீ செஞ்சதுலயே இதுதான்டா உருப்படி"ன்னு சர்டிபிகேட் வேற.

கடைசியா அடிப்பலகை. ஆசாரியண்ணே சொன்ன ஒண்ணரை நூலு இங்கதான் ஞாபகம் வந்துச்சு. கார்பெட் சுத்தினதும் பெருத்துப்போச்சு, உள்ள போகல. ஐயா காலத்துல பர்மாவுலேர்ந்து கப்பல்ல தேக்கு கொண்டாந்து மாட்டின வாசக்கதவு இன்னைக்கும் ஒரு விரல்ல தள்ளினா சத்தமில்லாம சாத்துது, பேரன் ஒரு ப்ளைவுட் துண்டை டிக்கில எறக்க ஏறி நின்னு மிதிக்கிறான். மிதிச்சேன். டப்புனு உக்காந்துச்சு. பாக்க ஷோரூம் மாதிரி இருந்துச்சு, சுத்தி ஒரு நூல் இடைவெளி இல்ல, வீட்டுக்காரியக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளே "நல்லாத்தாங்க இருக்கு"ன்னுட்டா. மொத்தச் செலவு 7140. அத அவகிட்ட சொல்லல, இதப் படிச்சா தெரிஞ்சுக்கட்டும்.

வைகாசில சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு தேவகோட்டை போறோம். டிக்கி நிறைய சாமான். வழில தேவகோட்டை ரஸ்தாங்கிற ஊரத் தாண்டிக் கொஞ்ச தூரத்துல பின்சக்கரம் பஞ்சர். மத்தியானம் பன்னெண்டு மணி, ரோட்டோரம் கருவேலமரம், அதுல நெழலும் இல்ல. அண்டா, தூக்கு, கரண்டிக் கட்டு எல்லாத்தையும் எறக்கி ரோட்டுல அடுக்கிட்டு ஸ்டெப்னி எடுக்கக் குனிஞ்சேன்.

பலகையத் தூக்க எடமே இல்ல. விரல் போக ஓட்டை போடல, இழுக்க வார் வைக்கல. நகத்தை விட்டேன், நகம்தான் போச்சு. ஸ்பேனர் வச்சு நெம்பலாம்னா ஸ்பேனரும் ஜாக்கியும் அந்தப் பலகைக்குக் கீழதான் இருக்கு. அண்டாவப் பாத்துட்டு டிவிஎஸ் பிப்டில போன ஒரு பெரியவர் வண்டிய நிறுத்தி "பாத்திரம் என்ன வெல தம்பி"ன்னாரு. நடந்தத சொன்னேன். அவரு சிரிக்கக்கூட இல்ல, கரண்டிக் கட்ட அவுத்து, ஆத்தாவோட இரும்பு தோசைத்திருப்பிய உருவி, ஓரத்துல சொருகி ரெண்டு ஆட்டு ஆட்டி நெம்பினாரு பாருங்க, பலகை பப்படம் மாதிரி எந்திரிச்சிருச்சு. தோசைத்திருப்பி வில்லா வளைஞ்சிருச்சு. ஸ்டெப்னில காத்து இருந்துச்சு, அன்னைக்கு நடந்த ஒரே நல்லது.

வளைஞ்ச தோசைத்திருப்பிக்கு ஆத்தா இன்னும் கணக்கு முடிக்கல, அது தனிக்கதை. கல்யாண வீட்லேர்ந்து வந்த மறுநாளே பலகைல ஒரு ஓட்டை போட்டேன். வார் தேடினேன், ஒண்ணும் கெடைக்கல, அந்தக் கல்யாணத்துல குடுத்த தாம்பூலப் பை கைப்பிடிய அறுத்து உள்ள விட்டு முடிச்சுப் போட்டுட்டேன். சாம்பல் கலர் கார்பெட், நடுவுல மஞ்சக் கைப்பிடி.

போன வாரம் வாட்டர் வாஷுக்கு விட்டேன். வண்டிய எடுக்கப் போனா பையன் டிக்கிக்குள்ள தலைய விட்டு மூச்சைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருக்கான்.

"அண்ணே, உங்க மஞ்சப்பை கீழ மாட்டிக்கிச்சுண்ணே, வரவே மாட்டேங்குது."