முதல் மீன் அதிபத்தருக்கு

கடலுக்குப் போய்வந்த கதையை அப்பா ஒருநாளும் எவ்வளவு கிடைத்தது என்று தொடங்க மாட்டார். "முதல் மீனை விட்டாச்சு" என்றுதான் தொடங்குவார். வலையைத் தூக்கும்போது உயிரோடு வருகிற முதல் மீனை, அது கவளையோ காலாவோ, இரண்டு கையிலும் ஏந்தி "அதிபத்தா" என்று சொல்லிக் கடலிலேயே விட்டுவிடுவார். அவருக்கு அவர் அப்பா சொல்லிக்கொடுத்தது. சின்ன வயதில் அதிபத்தர் என்றால் கடலுக்குள் குடியிருக்கும் எங்கள் தாத்தாக்களில் ஒருவர் என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் தரங்கம்பாடி. அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவரான, மீனவர் குலத்தில் பிறந்த அதிபத்த நாயனாரின் ஊர் நாகப்பட்டினம். இடையில் 35 கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ஆவணி மாத ஆயில்ய நட்சத்திரத்தன்று அங்கே நாயனார் தங்க மீனைக் கடலில் விடும் விழா நடக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அப்பா ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை. காரணம் எளிது. ஆவணி ஆயில்யம் பெரும்பாலும் அமாவாசைக்குச் சற்று முன்னால் வரும். அது இருட்டுக் காலம். நிலவில்லாத ராத்திரியில் வலை மீனின் கண்ணுக்குத் தெரியாது, பாடு, அதாவது வலையில் விழுகிற மீன், நன்றாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வாங்கிய கடனை அடைக்கிற நாட்கள் அவை. நாயனாருக்கான நாளும் நல்ல மீன் விழுகிற நாளும் ஒன்றாக வந்தால் மீனவன் எங்கே இருப்பான்? கடலில்தான்.

இப்போது முழங்கால் வலியால் அப்பா தொழிலுக்குப் போவதில்லை. ஃபைபர் படகு தம்பி கையில். "இந்த வருஷம் நான் கரையிலதானே இருக்கேன், ஆயில்யத்துக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றார். எனக்குத் திருமணமாகி மயிலாடுதுறையில் இருக்கிறேன். முதல்நாளே ஊருக்கு வந்துவிட்டேன். அம்மாவும் கிளம்பினாள். தம்பி வரவில்லை. "இருட்டுப்பா, விட முடியாது" என்றான். அப்பா சரி என்று தலையாட்டினார். அதே வார்த்தையை அவரே எத்தனை வருடம் சொல்லியிருக்கிறார்.

அம்மா அன்று கூடையைத் தொடவில்லை. விடியற்காலையிலேயே மஞ்சள் பூசிக் குளித்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டாள். பேருந்தில் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, காலுக்கடியில் கூடை இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியாததுபோல் மடியில் கோத்து வைத்துக்கொண்டாள். முப்பது வருடமாக அவள் இந்தச் சாலையில் மீன் கூடையோடு போய்வந்தவள். ஒரு நடத்துநர் நாற்றம் என்று சொல்லி அவளை நடுவழியில் இறக்கிவிட்டதும், அன்று அன்னக்கூடையைத் தலையில் வைத்து நான்கு கிலோமீட்டர் நடந்து போய் விற்றுவிட்டு வந்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த இடம் வந்தபோது என் முழங்கையை இலேசாகத் தொட்டு வெளியே காட்டினாள். ஒரு புளியமரம், அவ்வளவுதான்.

காரைக்கால் வந்தது. அம்மையார் கோயில் இருக்கிற ஊர். அறுபத்துமூவரில் ஒருவர் இங்கே, ஒருவர் நாகையில். ஒருவர் வணிகர் வீட்டுப் பெண், இன்னொருவர் நுளையர், அதாவது மீனவர், தலைவர். திருமலைராயன்பட்டினம் தாண்டி நாகூர் நெருங்கியதும் அப்பா எழுந்து நின்றே விட்டார். தர்கா மினாராவைக் காட்டி, "கடல்லேருந்து பாத்தா முதல்ல இதான் தெரியும். இதை வெச்சுத்தான் நாங்க எங்க இருக்கோம்னு கண்டுபிடிப்போம்" என்றார். நாகூர் ஆண்டவரை நினைக்காமல் இந்தக் கரையில் படகு தள்ளுகிறவர்கள் குறைவு. தெற்கே வேளாங்கண்ணி மாதாவுக்கும் அப்படித்தான். கடலில் இருப்பவனுக்குக் கரையில் தெரிகிற விளக்கெல்லாம் சாமிதான்.

காயாரோகண சுவாமி கோயிலுக்குள் நுழைந்தபோது மணி மூன்றரை இருக்கும். புண்டரீக முனிவரை உடலோடு இறைவன் தன்னிடம் சேர்த்துக்கொண்ட தலம் என்பதால் காயாரோகணம். அம்பாள் நீலாயதாட்சி. நீண்ட நீலக் கண்ணுடையவள் என்று பொருள். தமிழில் கருந்தடங்கண்ணி. அம்மாவுக்கு இந்தப் பெயரைச் சொன்னபோது இரண்டு மூன்று தடவை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அம்பாள் சன்னதி நந்திக்கு ஒரு கண் அம்பாள் மேல், ஒரு கண் சுவாமி மேல் என்பார்கள். அம்மா குனிந்து அதன் முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் பார்த்தாள். "இதுவும் நம்ம மாதிரிதான். ஒரு கண்ணு கடல் மேல, ஒரு கண்ணு அடுப்பு மேல" என்றாள்.

இந்தக் கோயில், தியாகராஜர் வீற்றிருக்கும் ஏழு விடங்கத் தலங்களில் ஒன்று. திருவாரூரில் தியாகராஜர் ஆடுவது அசபா நடனம் என்றால், இங்கே சுந்தர விடங்கர் ஆடுவது பாராவார தரங்க நடனம். பாராவாரம் என்றால் கடல், தரங்கம் என்றால் அலை. கடலலை போல ஏறி இறங்கி ஆடுவது. எங்கள் ஊர்ப் பெயரிலும் அதே தரங்கம்தானே இருக்கிறது! இதைச் சொன்னதும் அப்பா, "அலை ஆடினா படகும் ஆடும், படகு ஆடினா நாமளும் ஆடணும். அப்ப நானும் அம்பது வருஷமா அவரோட சேர்ந்துதான் ஆடியிருக்கேன்" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. சொல்லும்போது கண் கலங்கியிருந்தது.

பிறகு அதிபத்தர் சன்னதி. அவர் கதை பலருக்கும் தெரியும். நாகையின் நுளைப்பாடியில் பிறந்தவர். வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விடுவார். ஒரு காலத்தில் நாளுக்கு ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது. அதையும் விட்டார். சுற்றத்தார் பசியில் வாடினார்கள், அவரும் மெலிந்தார். அப்புறம் ஒருநாள் அந்த ஒற்றை மீன் பொன்னும் நவமணியுமாக வந்தது. உலகமே விலை பெறும் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். இதுவும் அவருக்குத்தான் என்று அலைமேல் விட்டார். இறைவன் காளைமேல் வந்து காட்சி கொடுத்தார். "விரிதிரைசூழ் கடல்நாகை அதிபத்தர்க் கடியேன்" என்று சுந்தரர் பாடினார், சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துச் சொன்னார்.

சன்னதியில் கைகூப்பி நின்றபடி அப்பா சொன்னது எந்தச் சொற்பொழிவிலும் நான் கேட்காதது. "எல்லாரும் தங்க மீனை விட்டதைத்தான் பெருசாச் சொல்றாங்க. தங்கத்தை விட்டுடலாம்மா. நம்மகிட்ட என்னிக்கு இருந்துச்சு அது? அதுக்கு முன்னாடி ஒவ்வொரு நாளும் அந்த ஒத்தை மீனை விட்டாரு பாரு. வீட்ல உலை வெச்சுட்டுக் காத்திருப்பாங்க. வெறுங்கையோட படியேறணும். அது யாரால முடியும்?"

எனக்கு உடனே 2004 சுனாமி நினைவுக்கு வந்தது. அந்த டிசம்பர் 26 காலையில் எங்கள் ஆயா போனாள், படகு போனது, வலை போனது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். மறுபடி படகு கிடைத்துத் தொழிலுக்குப் போனபோது அப்பா முதல் மீனை விடவில்லை. எல்லா மீனையும் ஏலத்தில் கொட்டினார். வீட்டில் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான் ஓடியது. பிறகு ஒரு காலை, ஈரக் கைலியோடு வாசலில் நின்று, "முதல் மீனை விட்டாச்சு" என்றார். அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றாமல் சட்டியோடு அப்படியே நின்றாள். ஏன் நிறுத்தினார், ஏன் மறுபடி தொடங்கினார் என்று நானும் இன்றுவரை கேட்டதில்லை. சன்னதியில் நிற்கும்போது கேட்கலாம்போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

சாயங்காலம் புதிய கடற்கரை. சுவாமியும் அம்பாளும் கரைக்கு எழுந்தருளினார்கள். நம்பியார் நகர் மீனவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் செய்வதுபோல நாயனாருக்குச் சீர் எடுத்து வந்தார்கள். அதிபத்தரின் உற்சவத் திருமேனியைப் படகில் ஏற்றினார்கள். எனக்குக் கூட்டமும் மேளமும் கண்ணை நிறைத்தன. அப்பா பார்த்தது வேறு. அலையை எண்ணிக்கொண்டிருந்தார். "இப்ப இல்ல… இப்ப இல்ல… இப்பத் தள்ளுங்கடா" என்று வாய்க்குள் சொன்னார். அதே நொடியில் அவர்கள் தள்ளினார்கள். படகின் முன்பக்கமான அணியம் தூக்கி, இறங்கி, படகு அலை தாண்டியது. அப்பாவின் பெருவிரல்கள் மணலில் ஊன்றியிருந்ததைப் பார்த்தேன்.

படகில் மீனைக் கடலில் விட்டபோது கரையில் சுவாமிக்குத் தீபாராதனை காட்டினார்கள். அத்தனை தூரத்திலிருந்து மீன் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒருவர் கை தாழ்ந்து நிமிர்ந்ததுதான் தெரிந்தது. அந்தக் கையசைவை அப்பா வீட்டில் எங்களுக்குச் சொல்லிக்காட்டும்போது நூறுமுறை பார்த்திருக்கிறேன். "நமசிவாய" என்று கடற்கரையே முழங்கியது. அம்மா அழுதாள். மீன் விற்கிறவள் என்று ஒதுங்கி நிற்கச் சொல்லாத சாமி, அவள் தொழில் செய்கிற கடலுக்கே வந்து நிற்கிறார். என்னாலும் அடக்க முடியவில்லை.

கடைசிப் பேருந்துக்கு முந்தைய பேருந்தில் திரும்பினோம். ஜன்னலுக்கு வெளியே ஒரே இருட்டு. தூரத்தில் படகு விளக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அதில் ஒன்று தம்பியுடையதாக இருக்கலாம் என்று அப்பா பார்த்துக்கொண்டே வந்தார்.

விடிகிற நேரத்தில் தம்பி கரையேறினான். மூவரும் கடற்கரைக்குப் போனோம். பாடு சுமார்தான். ஐஸ்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வலையை உதறிக்கொண்டே யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்: "முதல் வலையில ஒரு கொடுவா வந்துச்சு. உசிரோட இருந்துச்சு. விட்டுட்டேன்."

அவன் இதுவரை அப்படிச் செய்ததில்லை. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீவாடு எப்படி இருந்துச்சு?" என்று நீரோட்டத்தைப் பற்றி மட்டும் கேட்டார்.

"எத்தனை கிலோ இருக்கும்?" என்றாள் அம்மா.

"மூணு இருக்கும்மா."

அம்மாவின் உதடு கணக்குப் போட்டது. பாதியில் நிறுத்தி, கடலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் கூடையை எடுத்துக்கொண்டு ஏலத்துக்குப் போனாள்.