நாஸ் திணறினால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள்

சேலம் அஞ்சு ரோடு பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்கிற தம்பி ஒருவர், சாயங்காலமானால் டைம்லைன் நின்று நின்று ஓடுகிறது, நாஸ் (எல்லா கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்துகொள்ளும் ஸ்டோரேஜ் பெட்டி) டிஸ்க்கை மாற்றிடலாமா அண்ணா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம். கிகாபிட் லைனில் கணக்குப்படி நொடிக்கு 125 எம்பி (மெகாபைட்), கையில் கிடைப்பது 110 சொச்சம், அதற்குள்தான் அவர் எடிட்டிங், சிசிடிவி கேமரா ரெக்கார்டிங், ஆல்பம் கம்ப்யூட்டர்களின் பேக்கப் எல்லாமே நாஸுக்குப் போகிற அந்த ஒற்றை வயரில் போய் வருகிறது. கேமரா பாவம், ஒன்றுக்கு நொடிக்கு நாலைந்து மெகாபிட்தான் (எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்பி). பேக்கப் அப்படியில்லை, விட்டால் முழு லைனையும் விழுங்கிவிடும், அதுவும் சரியாக சாயங்காலம்தான் ஆரம்பிக்கிறது.

விலேன் (ஒரே நெட்வொர்க்கை செட்டிங்கிலேயே பல தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) போட்டால் சரியாகுமா என்றார். ஒரே வயரில் எத்தனை விலேன் பிரித்தாலும் வயர் அகலமாகாதே! நாஸின் இரண்டாவது போர்ட்டிலிருந்து எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு நேராகத் தனி வயர், தனி ஐபி (நெட்வொர்க் முகவரி) வரிசை. பேக்கப் ராத்திரிக்கு. அவ்வளவுதான், டைம்லைன் தடங்கலில்லாமல் ஓடுகிறது.

இன்னொன்று, உங்கள் இடத்தில் காப்பி வேகம் 11, 12 எம்பியிலேயே நின்றால் நடுவில் எங்கேயோ பழைய 100 மெகாபிட் ஸ்விட்சோ, உள்ளே ஒரு ஜோடி கம்பி அறுந்த வயரோ இருக்கிறது. சந்தேகமிருந்தால் ஐபெர்ஃப் என்கிற புரோகிராமை ஓட்டிப் பாருங்கள், டிஸ்க்கைத் தொடாமல் லைன் வேகத்தை மட்டும் காட்டும்.