பெரிய கழிவுநீர்க் குழாய்க்கு யார் பணம் கட்டுவது?

புதிதாக 500 வீடுகள் கட்ட அனுமதி கேட்டு ஒரு கட்டுமான நிறுவனம் வருகிறது. வழியிலுள்ள கழிவுநீர்க் குழாய் ஏற்கெனவே நிரம்பி ஓடுகிறது என்கிறது நகர நிர்வாகம். உடனே யார் எத்தனை சதவீதம் தருவது என்ற பேரம் தொடங்கிவிடுகிறது. அந்தக் குழாய் எதனால் நிரம்பியது என்று முதலில் கேட்பவர்கள் குறைவு என்பதே என் கவலை.

பழைய குழாய்களின் இணைப்புகளிலும் விரிசல்களிலும் நிலத்தடி நீர் கசிந்து உள்ளே புகுகிறது. மொட்டைமாடித் தண்ணீரைச் சாக்கடையில் திருப்பிவிட்டிருக்கும் வீடுகளிலிருந்து மழைநீரும் வந்து சேர்கிறது. ஊர் உறங்கும் பின்னிரவு 3 மணிக்கு, குடியிருப்புப் பகுதியில் ஒரு மேன்ஹோல் மூடியைத் திறந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். அந்நேரத்தில் ஓட்டம் வெகுவாக ஒடுங்கியிருக்க வேண்டும். மாறாக, ஏறக்குறையத் தெளிந்த நீர் விடாமல் ஓடிக்கொண்டிருந்தால், அதில் பெரும்பகுதி எந்த வீட்டுக் குளியலறையிலிருந்தும் வந்ததாக இருக்காது. அந்த நீர் அடைத்துக்கொண்ட இடத்துக்கான விலையை, இனிமேல் குடிவரப்போகிறவர்களின் வீட்டு விலையில் ஏற்றுவது அநியாயம். பல ஆண்டுகள் பராமரிக்காமல் விட்ட குறை நகரத்தின் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

அனுமதிக்கு ஈடாக நகரம் கேட்பது, அந்தக் கட்டுமானத்தின் விளைவோடு தொடர்புடையதாகவும் அதற்கு ஏறத்தாழச் சமமாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-இல் நொலன் வழக்கிலும் 1994-இல் டோலன் வழக்கிலும் வகுத்தது. அவை கழிவுநீர் வழக்குகள் அல்ல என்றாலும், அந்த அளவுகோல் இங்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

அதற்காக, கட்டுபவருக்குத் தேவையான அளவில் மட்டும் குழாய் பதித்துவிட்டு நகரம் ஒதுங்கிவிடவும் கூடாது. ஒரே சரிவில் 200 மி.மீ. குழாயைவிட 300 மி.மீ. குழாய் ஏறக்குறைய மூன்று மடங்கு நீரைக் கொண்டுசெல்லும். ஆனால் செலவின் பெரும்பகுதி பள்ளம் தோண்டுவதிலும் சாலையை மீண்டும் போடுவதிலும் போவதால், மொத்தச் செலவு அந்த அளவுக்கு உயர்வதில்லை. ஆகவே, கட்டுபவர் தமக்குத் தேவையான அளவுக்குரிய செலவைத் தரட்டும். அதற்கு மேற்பட்ட விட்டத்துக்கான வித்தியாசத்தை நகரம் முன்பணமாகப் போட்டு, பின்னால் இணைப்புப் பெறுபவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும். சில இடங்களில் முழுச் செலவையும் கட்டுபவரே முதலில் செய்து, பின்வருபவர்களிடமிருந்து குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் திரும்பப் பெறும் ஒப்பந்தம் போடுகிறார்கள். எதிர்பார்த்த வளர்ச்சி வராவிட்டால் அந்த நட்டம் முழுக்க அவர் தலையில் விழும். எங்கே வளர வேண்டும் என்று திட்டமிடும் அதிகாரம் நகரத்திடம் இருக்கையில், அந்த இடரும் நகரத்தையே சேர வேண்டும்.

இந்த இடரைச் சுமக்கும்போதுதான் நகரமும் ஆசைப்பட்டு அளவுக்கு மீறிப் பெரிய குழாயைக் கேட்காது. தேவைக்கு மிஞ்சிய குழாயில் தொடக்க ஆண்டுகளில் ஓட்டம் மெதுவாகி, கசடு படிந்து, துர்நாற்றமும் அரிப்பும் உண்டாகும். குழாய் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும்.

எனவே கட்டண விகிதத்தை முடிவுசெய்யும் முன், ஒரு வறண்ட காலத்திலும் ஒரு மழைக்காலத்திலும் அந்தக் குழாயின் ஓட்டத்தை அளந்து, அந்தக் கணக்கை இரு தரப்புக்கும் மட்டுமல்லாமல் பொதுமக்களுக்கும் வெளியிட வேண்டும். வசூலாகும் தொகை தனிக் கணக்கில் இருந்து, அதே குழாய்க்கும் அது சென்று சேரும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் மட்டுமே செலவாக வேண்டும்.