பெயர்த்தகடு இல்லாத ஆறு கம்பி மோட்டார்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் வயதைப் பார்த்து விலை சொல்வார்கள். பழைய இரும்புக் கடையிலோ மோட்டாருக்கு எடைதான் விலை. அப்படி எடைக்கு வாங்கிய ஒரு மோட்டாரை அடையாளம் கண்ட விதத்தை இங்கே பதிவு செய்கிறேன். கழற்றப்பட்ட ஏதோ ஓர் ஆலை இயந்திரத்திலிருந்து வந்தது என்பதைத் தவிரக் கடைக்காரருக்கு வேறு விவரம் தெரியவில்லை. பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவிட் துளைகள் மட்டுமே எஞ்சியிருந்தன. "ஆறு ஒயர் வருதுல்லண்ணே, அப்ப மூணு பேஸ்தான்" என்று அவர் உறுதியாகச் சொன்னார்.

ஆறு கம்பிகள் வெளியே வரும் மும்முனை (மூன்று பேஸ்) மோட்டார்கள் நம் ஊர் அரிசி ஆலைகளில் ஏராளம் என்பதால் அவர் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் அத்தகைய மோட்டாரில் மூன்று சுற்றுகளும் ஒரே அளவு மின்தடையைக் காட்ட வேண்டும். இதில் மல்டிமீட்டரை வைத்தபோது தடித்த கம்பி இணை ஏறக்குறைய 1 ஓம், மெல்லிய இணை ஒன்று 60 ஓமுக்கு அருகில், மற்றொன்று கிட்டத்தட்ட சுழியம் என மூன்றும் மூன்று விதமாக இருந்தன. அத்துடன் மும்முனைக் கதை முடிந்தது.

வெளித்தோற்றமும் வேறு திசையையே காட்டியது. சுமார் 100 மி.மீ. விட்டமும் 200 மி.மீ. நீளமும் கொண்ட உருளை, கால்கள் இல்லை, குளிரூட்டும் விசிறி இல்லை, முன்புறம் நான்கு துளைகளுடன் சதுர முகத்தட்டு, 14 மி.மீ. அச்சில் சாவி பதியும் 5 மி.மீ. பள்ளம், பின்முனைக்கு அருகே சுற்றிலும் நான்கு திருகு மூடிகள். அந்த மூடிகளைத் திறந்தால் கார்பன் பிரஷ்கள் வெளியே வந்தன. டார்ச் ஒளியில் துளை வழியே பார்த்தபோது, பிரஷ்கள் உரசும் தாமிர உருளையான கம்யூட்டேட்டர் சீரான சாக்லேட் நிறத்தில் இருந்தது. அந்தப் படலம் பிரஷ் நல்லபடியாக ஓடியதற்கான அடையாளம் என்பதால், தேய்த்துப் பளபளப்பாக்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

பிரஷ் இருப்பதாலேயே அது நிலைக்காந்த மோட்டார் என்று சொல்லிவிட முடியாது. மிக்ஸியிலும் கை டிரில்லிலும் உள்ள, காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள் கொண்ட சீரிஸ் மோட்டாருக்கும் பிரஷ் உண்டு. இதைப் பிரித்தறிய மின்சாரமே தேவையில்லை. தடித்த இரு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து முறுக்கிவிட்டு அச்சைக் கையால் திருப்பினால், கெட்டியான மாவைக் கிளறுவது போன்ற எதிர்ப்பு தெரிந்தது. முனைகளைப் பிரித்தவுடன் அச்சு இலகுவாகச் சுழன்றது. உள்ளே நிலையான காந்தம் இருந்தால்தான் இப்படி நடக்கும். பிறகு 12 வோல்ட் பேட்டரியுடன் ஒரு முகப்பு விளக்கு பல்பைத் தொடரில் இணைத்துக் கொடுத்தேன்; மோட்டார் மெதுவாகச் சுழன்றது, முனைகளை மாற்றியதும் எதிர்த்திசையில் சுழன்றது. சீரிஸ் மோட்டாராக இருந்தால் முனைகளை மாற்றினாலும் திசை மாறாது.

உள்ளே சுழலும் கம்பிச்சுற்றுப் பகுதியான ஆர்மேச்சரை வெளியே எடுத்துப் பார்க்கலாமே என்று பட்டறை நண்பர்கள் சொன்னார்கள். நான் இணங்கவில்லை. வேகத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் சர்வோ மோட்டார்களில், பழையவை சிலவற்றில் அல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகக் கலவை) காந்தம் இருக்கும். ஆர்மேச்சரை உருவினால் காந்தப்பாதை அறுந்து, அதன் வலிமையில் ஒரு பகுதி நிரந்தரமாகப் போய்விடும். எந்தக் காந்தம் என்று தெரியாத நிலையில் மூடியே வைத்திருப்பதுதான் முறை.

மின்காப்பு அடுத்த கவலை. மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் தடித்த இணைக்கும் உடலுக்கும் இடையே அரை மெகாஓம் கூட வரவில்லை. காரணம் பெரும்பாலும் கார்பன் தூள்தான். பிரஷ் துளைகள் வழியே காற்றடித்துச் சுத்தம் செய்து, வளவில் விழும் சித்திரை வெயிலில் காய வைத்த பிறகு 5 மெகாஓமைத் தாண்டியது. செட்டிநாட்டு வெயிலுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

இதன் மின்னழுத்தம் என்ன என்ற கேள்விக்கு விடை லேத் பட்டறையில் கிடைத்தது. மோட்டாரை லேத்தின் படுகையில் இறுக்கி, அச்சைத் தடித்த ரப்பர் குழாயால் லேத்தின் சுழலும் பிடியான சக்குடன் இணைத்து, நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓட்டியபோது தடித்த இணையில் 31.3 வோல்ட் நேர்மின்சாரம் வந்தது. 500 சுற்றில் சரிபாதி. 60 ஓம் இணை அதே 1000 சுற்றில் 9.5 வோல்ட் தந்தது, திசை மாறினால் அதன் குறியும் மாறியது. எனவே அது வேகத்தை அளக்கும் டாக்கோ ஜெனரேட்டர். மோட்டார் ஒரு நேர்மின் சர்வோ. சுழியம் காட்டிய மூன்றாவது இணை எந்த வேகத்திலும் மின்னழுத்தம் தராததால், சூடேறினால் திறந்துகொள்ளும் வெப்பச் சுவிட்சாகவே அதைக் கருதுகிறேன்.

1000 சுற்று என்பது நொடிக்கு 104.7 ரேடியன். 31.3ஐ அதனால் வகுத்தால் 0.3 வருகிறது; அதே எண்தான் ஓர் ஆம்பியருக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைக்கும் என்பதையும் சொல்கிறது. ஒரே அளவீட்டில் இரண்டு விடைகள் என்பதால் முழு ஆய்விலும் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

ஆனால் எத்தனை ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும் என்பதை எந்த மீட்டரும் நேரடியாகச் சொல்லாது. அது வெப்பத்தின் கணக்கு. அச்சைப் பூட்டி வைத்து மின்சாரம் செலுத்தினால் பிரஷ் நிற்கும் கம்யூட்டேட்டர் துண்டுகள் மட்டும் கருகிவிடும். ஆகவே சுமை கொடுப்பதற்காகக் கப்பியில் கயிற்றைச் சுற்றி, கயிற்றின் இரு முனைகளிலும் வில்தராசு மாட்டி, 300 சுற்றில் மெதுவாக ஓட்டினேன். தாமிர இழப்பு மின்னோட்டத்தைப் பொறுத்ததே தவிர வேகத்தைப் பொறுத்ததன்று, குறைந்த வேகத்தில் கயிறும் கருகாது. முகத்தட்டை இரும்பில் பொருத்தினால் வெப்பம் அதன் வழியே இறங்கிவிடும் என்பதால் வேண்டுமென்றே மரப்பலகையில் பொருத்தியிருந்தேன். 6 ஆம்பியரில் உடலின் வெப்பநிலை 70 டிகிரிக்கு அருகில் நிலைத்தது. உள்ளே எவ்வளவு என்பதைத் தாமிரமே காட்டிக்கொடுத்தது: ஆர்மேச்சரின் மின்தடை 0.90 ஓமிலிருந்து 1.10 ஓமாக உயர்ந்திருந்தது. ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் என்று வைத்தால் 57 டிகிரி ஏற்றம். அறை வெப்பம் 35ஐக் கூட்டினால் 92. பிரஷ்ஷின் தடையும் இதில் கலந்திருப்பதால் இது தோராயக் கணக்கே. பழைய பி வகை மின்காப்பே 130 டிகிரி தாங்கும் என்பதால் 6 ஆம்பியரை எல்லையாக வைத்துக்கொண்டேன். அதற்குமேல் தாங்கக்கூடும், சோதித்துப் பார்க்கும் எண்ணம் இல்லை.

6 ஆம்பியரில் கிடைக்கும் முறுக்குவிசை உராய்வு போக 1.6 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல். 1500 சுற்றில் ஏறத்தாழ 250 வாட், அதாவது மூன்றில் ஒரு பங்கு குதிரைத் திறன். ஊஞ்சல் பலகைக்கும் சிறு முக்காலிக்கும் வேண்டிய கடைசல் வேலைக்கு இது போதும். மின்மாற்றியும், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயரும் தயாராக உள்ளன. டாக்கோவின் மின்னழுத்தத்தை வேகக் கட்டுப்பாட்டுக்கும், வெப்பச் சுவிட்சை ரிலேயின் சுருளோடு தொடரிலும் இணைக்கப் போகிறேன். மிச்சமிருப்பது பிரஷ். கடையில் எளிதில் கிடைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் பிரஷ்ஷை ராவி நுழைக்கலாம் என்றார்கள். அதில் தாமிரம் மிகுதி, 12 வோல்ட்டுக்கானது, 50 வோல்ட்டில் ஓடும் இந்தக் கம்யூட்டேட்டருக்கு ஒவ்வாது. கிராஃபைட் வகைப் பிரஷ்கள் மதுரையிலிருந்து வரும்வரை பழையதையே ஓட்டுகிறேன்.