நகக் கணக்கு

2024 அக்டோபர் 30, புதன்

விடிந்தால் தீபாவளி. கொல்லையில் பறித்த மருதாணியைக் கொட்டைப்பாக்கும் துளிப் புளியும் வைத்து அம்மியில் அரைத்தேன். மிக்ஸியில் அரைத்தால் நிறம் பிடிக்காது என்பது அம்மாவின் கட்சி. பத்து வயதுப் பேத்தி, 61 வயது நான், 84 வயது அம்மா, மூவருக்கும் விரல் விரலாகத் தொப்பி வைத்தாயிற்று. அம்மாவின் காலுக்கு வைக்கக் குனிந்தபோது புடவையைக் கீழே இழுத்துவிட்டாள்.

“காலுக்கு வேண்டாமடி.”

“கைக்கு ஆசை இருக்கிறது, காலுக்கு மட்டும் என்ன?”

பதில் இல்லை. புடவையை விலக்கிப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. வலது கால் கட்டைவிரல் நகம் பழுப்பேறி, தடித்து, ஆட்டுக் கொம்பாக வளைந்து பக்கத்து விரல் மேல் ஏறிப் படுத்திருந்தது. குனியவும் முடியவில்லை, கண்ணும் தெரியவில்லை, யாரிடமும் சொல்லவும் கூச்சம். போர்வை அடிக்கடி காலில் மாட்டுகிறது என்று அவள் சொன்னதற்கு, நான் போர்வையைத்தான் மாற்றினேன்.

31 வருடம் திங்கள்கிழமைதோறும் பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளைகளின் நகத்தைச் சோதித்த ஆசிரியை நான். வீட்டில் இந்த லட்சணம். அந்த நகத்துக்கும் ஒரு தொப்பி வைத்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு

நகவெட்டியின் வாய்க்குள் அந்த நகம் நுழையவே இல்லை. கத்தரிக்கோலை எடுத்தேன், அது என் முட்டாள்தனம். ஓரத்தில் அழுத்தியதும் நகம் விறகுச் சிராய் போலப் பிளந்தது, கூடவே சதையும். ரத்தம் வந்தது. அம்மா ஜன்னலுக்கு வெளியே காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலிக்கவில்லையா என்றேன். “என்ன வலி?” என்றாள்.

அதுதான் என்னைக் கதிகலங்க வைத்தது. அம்மாவுக்குச் சர்க்கரை வந்து 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. காலில் உணர்ச்சி மங்கியிருப்பது வெட்டுப்பட்ட பிறகுதானா எனக்குத் தெரிய வேண்டும்?

நவம்பர் 6, புதன்

தோல் மருத்துவர் சின்னப் பெண், என் மாணவி வயது இருக்கும். இந்த நகத்துக்கு மருத்துவத்திலும் கடாக் கொம்பு என்று பொருள்படும் பெயர்தானாம். எனக்கு ஒரு அற்பத் திருப்தி.

நகம் உருவாவது தோலுக்கு அடியில் இருக்கும் நகவேரில். வயதாக ஆக அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது, வளர்ச்சி மந்தமாகிறது. கால் நகம் இளமையிலேயே கை நகத்தில் பாதி வேகத்தில்தான் வளரும். ஆயுள் முழுக்கச் செருப்பும் கல்லும் இடித்த இடி வேறு. எல்லாம் சேர்ந்து நகம் அடுக்கடுக்காகத் தடிக்கிறது. வெட்டாமல் விட்டால் வளைகிறது.

பூஞ்சையாக இருக்குமோ என்று கேட்டேன். அதுவும் வயதானவர்களுக்கு அதிகம் வருவதுதான், ஆனால் தடித்த நகமெல்லாம் பூஞ்சையல்ல, சோதிக்காமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கக் கூடாது என்று சொல்லி, நகத்துக்கு அடியில் சுரண்டி எடுத்து அனுப்பினார். பிறகு இடுக்கி போன்ற ஒன்றால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுத்து, சுழலும் அரத்தால் வெட்டிய முனையைத் தேய்த்தார். வெள்ளைப் பொடி பறந்தது, மயிர் கருகுவதுபோல் ஒரு வாடை. கால் மணி நேரத்தில் அம்மாவுக்குக் கட்டைவிரல் திரும்பக் கிடைத்தது. அவளோ அதை யாருடைய காலோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கிடைத்த உத்தரவு: யூரியா கலந்த களிம்பு தடவலாம். நகத்தை நேராக வெட்ட வேண்டும், மூலையைத் தோண்டக் கூடாது. காலை ஊறப்போட்டு ஊறப்போட்டு வைக்கக் கூடாது. கழுவும் தண்ணீரின் சூட்டை நான் தொட்டுப் பார்க்க வேண்டும், அம்மாவை நம்பக் கூடாது. தடித்த நகத்தை இனி வீட்டில் வெட்டவே கூடாது.

அம்மாவின் கை நகத்தில் நீளவாக்கில் ஒரு பழுப்புக் கோடு உண்டு. எத்தனை நாளாக என்று கேட்டார். “இவள் அப்பா இருந்தபோதே இருக்கிறது” என்றாள் அம்மா. கருத்த தோல் உள்ளவர்களுக்கு வயதானால் இப்படிக் கோடு வருவது சகஜம்தானாம். புதிதாக ஒற்றைக் கோடு வந்து அகலமானாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலுக்குப் பரவினாலோ உடனே காட்ட வேண்டும் என்றார்.

நவம்பர் 13, புதன்

பூஞ்சை இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று என் கட்டைவிரலை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அடியிலிருந்து நுனிவரை வாழை இலை நரம்பு மாதிரி வரி வரியாக ஓடுகிறது. இதைப் பார்த்து என் தம்பி கால்சியம் மாத்திரை வாங்கி வந்தான். நகம் கெரட்டின், முடியும் கொம்பும் எதனால் ஆனதோ அதேதான். அதில் கால்சியம் சொற்பம். இந்த நெடுக்கு வரிகள் தலை நரைப்பதுபோலத்தான் என்று மருத்துவர் அன்றே சொல்லிவிட்டார். மாத்திரையைத் தம்பியே விழுங்கட்டும்.

குறுக்கே ஒரு பள்ளமும் இருக்கிறது. அது வேறு கதை. ஆகஸ்டில் டெங்குவில் கிடந்தேனே, அப்போது நகவேர் வேலையை நிறுத்தியிருக்கிறது. போ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1846இல் எழுதி வைத்ததால் இதற்கு அவர் பெயர். பள்ளத்தில் மருதாணி தேங்கி, சுற்றிலும் ஆரஞ்சாக இருக்க அது மட்டும் அரக்குக் கோடாகத் தெரிகிறது. காய்ச்சலுக்கு அடிக்கோடு போட்டதுபோல.

பேத்தி நகத்தில் வெள்ளைப் புள்ளி. கொக்கு பூப் போட்டது என்றேன். எந்தக் கொக்கு என்று கேட்கிறாள். வயலுக்கு மேல் கொக்கு பறந்தால் நகத்தோடு நகம் உரசிக்கொண்டு “கொக்கே கொக்கே பூப்போடு” என்று கத்திக்கொண்டு ஓடுவோம். இவளுக்குக் கொக்கு மேலும் நம்பிக்கையில்லை, என் மேலும் இல்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

வில்லியம் பீன் என்று ஒரு அமெரிக்க மருத்துவர். மாதம் பிறந்தால் இடது கட்டைவிரல் நகத்தின் அடியில் அரத்தால் ஒரு கீறல் போட்டு, அது நுனிக்கு வந்துசேர எத்தனை நாள் என்று 35 வருடம் எண்ணியிருக்கிறார். 32 வயதில் நாளுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095க்கு இறங்கியிருந்தது. 1980இல் வெளியிட்டார். என்ன பொறுமை!

எங்களுக்கு அரம் வேண்டாம், மருதாணி இருக்கிறது. வைத்த அன்று வெளியே தெரிந்த நகம் மட்டும்தான் சிவந்தது. அதற்குப் பின் முளைத்ததெல்லாம் வெள்ளை. அந்த வெள்ளையை ஸ்கேல் வைத்து அளந்தால் போதும். 32 நாளில் பேத்திக்கு மூன்றரை, எனக்கு மூன்று, அம்மாவுக்கு இரண்டரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டரெல்லாம் என் கண்ணாடியின் உத்தேசம். அம்மாவின் கால் கட்டைவிரலில் நூல் பிடித்த மாதிரி ஒரு வெளுப்பு, அவ்வளவே.

2025 ஜனவரி 30, வியாழன்

மூன்று மாதம். இப்போது ஸ்கேலே வேண்டாம், கண்ணுக்கே தெரிகிறது. பேத்தி 11, நான் 9, அம்மா 7 மில்லிமீட்டர். பேத்தியின் சிவப்பு நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதையும் கணக்குப் பரீட்சையில் கடித்துத் துப்பிவிட்டாள். திங்கள்கிழமைச் சோதனையில் என்னிடம் மாட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

அடியில் இருக்கும் வெள்ளைப் பிறை பேத்திக்குப் பல விரல்களில் இருக்கிறது. அம்மாவுக்குக் கட்டைவிரலில் மட்டும், அதுவும் அமாவாசைக்கு முந்தின நாள் போல.

மார்ச் 21, வெள்ளி

எதிர் வீட்டுப் பெண் வந்தாள். அம்மா இடது கையை நீட்டிக் காட்டினாள். கட்டைவிரல் நுனியில் கீற்றுச் சிவப்பு. “தீபாவளிக்கு வைத்தது. இவளுக்கும் போய்விட்டது, கொள்ளுப்பேத்திக்கு எப்போதோ போய்விட்டது. எனக்கு இன்னும் இருக்கிறது பார். பித்த உடம்புக்குத்தான் இப்படிப் பிடிக்கும்.”

வளர்ச்சி மந்தம் அம்மா, பித்தம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கால் கட்டைவிரலையும் அவள் புடவைக்கு வெளியே நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். அங்கே முக்கால் நகம் இன்னும் சிவப்பு. சும்மா இருந்துவிட்டேன்.

எதிர் வீட்டுப் பெண் போனதும் அம்மாவின் கை நகத்தையாவது வெட்டிவிடுகிறேன் என்று நகவெட்டியோடு உட்கார்ந்தேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா?”