ஒரு பை, பத்து நிமிடம், ஒரு காகிதக் கொக்கு

போரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச டிவி செய்தி உதவாது. ஒரு பள்ளிக்கூடப் பை போதும். ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது சரிவரும். அதைவிடச் சின்னவர்களுக்கு வேண்டாம், ராத்திரி பயந்து எழுந்துவிடும்.

ஆளுக்கொரு பை, பத்து நிமிடம். விளையாட்டு என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, "இந்த வீட்டுக்கு இனி திரும்ப முடியாதுன்னா எதை எடுத்துப்பே?" என்று கேளுங்கள். முடிந்ததும் எடை போடுங்கள். 30 கிலோ உள்ள பிள்ளைக்கு 3 கிலோதான் அளவு. தண்ணீரே லிட்டருக்கு ஒரு கிலோ. நம் நீலகிரிக் குளிருக்கு ஒரு கம்பளியை வைத்தால் பாதிப் பை நிறைந்துவிடும். பிறகு பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை ஏற்றத்தில் நடங்கள். எதைக் கழற்றிப் போடலாம் என்ற பேச்சு பாதி வழியில் தானாக வரும்.

பெரியவர்கள் காரியத்தைக் கெடுப்பது இங்கேதான்: ரேஷன் கார்டை விட்டுவிட்டுக் கரடிப் பொம்மையை எடுத்த பிள்ளையைத் திட்டுவார்கள். திட்டாதீர்கள். அந்தப் பொம்மை ஏன் என்று கேளுங்கள். மாத்திரை டப்பா, பாட்டியை யார் கைபிடித்துக் கூட்டிப் போவது, இதெல்லாம் அடுத்த சுற்றில் அவர்களே சொல்வார்கள்.

கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் பல வீடுகளில் இதற்குப் பதில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தோட்டங்களில் இருந்த 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு இங்கே டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டம் என்று வந்தவர்கள் ஏராளம். குண்டு விழாமல், ஒரு கையெழுத்தாலும் வீடு போகும் என்பதைப் பிள்ளைகள் அவர்கள் வாயால் கேட்க வேண்டும். மூன்றே கேள்வி: என்ன கொண்டு வந்தீங்க, எதை விட்டுட்டு வந்தீங்க, யார் அங்கேயே இருந்துட்டாங்க? மூன்றாவதில் பாட்டி மௌனமானால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

வெலிங்டன் ராணுவ மையம் இருக்கும் மாவட்டம் இது. பக்கத்து வீட்டு மாமா ராணுவத்தில் இருப்பார். போர் கெட்டது என்று சொல்லும்போது அவரைக் கெட்டவராக்கிவிடாதீர்கள்.

கடைசியாகக் கொக்கு. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஜப்பானின் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது சடாகோ சசாகி என்ற சிறுமிக்கு இரண்டு வயது. ரத்தப் புற்றுநோயில் 1955-ல் இறந்தாள். ஆஸ்பத்திரியில் காகிதக் கொக்கு மடித்துக்கொண்டே இருந்தவள். இவ்வளவு சொன்னால் போதும், கை வேலையைத் தொடங்கலாம். ஏ4 தாளில் 8.7 செ.மீ. வெட்டிவிட்டால் 21 செ.மீ. சதுரம். மூலைவாட்டில் இரண்டு மடிப்பு. தாளைத் திருப்பி நேராக இரண்டு மடிப்பு. எல்லாவற்றையும் உள்ளே தள்ளிச் சின்னச் சதுரமாக்குங்கள். பெரும்பாலோர் தவறுவது இதற்கு அடுத்த படியில். சதுரத்தின் திறந்த முனை உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஓரங்களைத்தான் நடுக்கோட்டுக்கு மடிக்க வேண்டும். மூடிய முனையில் மடித்தால் இறக்கை விரியவே விரியாது. மூடுபனி நாளில் தாள் நமுத்து மடிப்பு நிற்காது. அடுப்பு ஓரமாகக் கொஞ்ச நேரம் வைத்து, மடிப்பை நகத்தால் அழுத்தித் தேயுங்கள்.